தண்ணீர் படாத தலைகள்

வைகைக் கரை வேதக்காரர்கள் – 9

வைகை அணையிலிருந்து மேற்கே போய், தேனியும் சின்னமனூரும் தாண்டினால், கம்பம் பள்ளத்தாக்கின் பழைய கத்தோலிக்க ஊர்கள் வரும். ராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி. போன வாரம் அங்கே திருவிழா பார்த்தோம். இந்த வாரம் கல்லறைத் தோட்டம்; அதிலும், அங்கே இடம் கிடைக்காத பச்சைப் பிள்ளைகளின் கதை.

ஞானஸ்நானம் பெறாமல் இறந்தவர்களுக்குத் திருச்சபை அடக்கம் கிடையாது என்றது கத்தோலிக்கத் திருச்சபையின் 1917-ஆம் ஆண்டுச் சட்டம். பிறந்த ஒரு நாழிகையில் கண்மூடிய பிள்ளைக்கும் அதேதான். பெற்றவள் ஒரு பூசை தவறாதவளாக இருக்கலாம்; பிள்ளை மந்திரித்த மண்ணுக்கு வெளியே. ஆன்மா? ஜென்மப் பாவம் கழுவப்படாத சிசுவுக்கும் தண்டனை உண்டு, ஆனால் மிக லேசானது என்றார் அகுஸ்தீனார். அதற்கு மனம் ஒப்பாத இடைக்காலப் பண்டிதர்கள் லிம்போ என்று ஓர் இடம் சொன்னார்கள். அங்கே வேதனை இல்லை, கடவுளின் திருமுகமும் இல்லை.

இந்தப் பயத்துக்கு நடுவில் வந்து நின்றவள் மருத்துவச்சி. ஆபத்து நேரத்தில் ஞானஸ்நானம் கொடுக்க அவளுக்குச் சொல்லித்தர வேண்டியது பங்குச்சாமியாரின் கடமை என்று அதே சட்டம் வைத்திருந்தது. தலையில் தண்ணீர் ஊற்றி, திரித்துவத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். எண்ணம் சரியாக இருந்தால், ஊற்றுபவர் வேதத்தில் சேராதவரானாலும் செல்லும். பீடத்தை நெருங்க விடாத பெண்ணிடம் மோட்சத்தின் சாவியைக் கொடுத்த சட்டம் இது! சாமியார்கள் இதை யோசித்துப் பார்த்தார்களா, தெரியாது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1843-இல் பிரான்சில் நான்சி ஆயர் ஃபோர்பன்-ஜான்சன் தொடங்கிய பாலர் சபை, மிஷன் நாடுகளில் சாகக் கிடந்த பிறமதக் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கப் பணம் திரட்டியது. சாவின் விளிம்பில் இருக்கும் குழந்தைக்குப் பெற்றோர் சம்மதிக்காவிட்டாலும் கொடுக்கலாம் என்பது 1983 சட்டத்திலும் இருக்கிறது. எனக்கு இது உறுத்துகிறது.

2007-இல் 'லிம்போவை வாத்திகன் ஒழித்தது' என்று பத்திரிகைகள் எழுதின. ஒழிக்க அது விசுவாசக் கோட்பாடாக இருந்ததே இல்லை. பன்னாட்டு இறையியல் குழு சொன்னது, அக்குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்ப வலுவான காரணங்கள் உண்டு என்பதுதான். உறுதி என்று சொல்லவில்லை. 1992 மறைக்கல்வி நூலும் அவர்களைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைத்திருந்தது. பெற்றவளுக்கு இவற்றையெல்லாம்விடப் பெரியது 1983 சட்டத்தின் ஒரு வரி: ஞானஸ்நானம் கொடுக்கப் பெற்றோர் நினைத்திருந்தால், ஆயர் அனுமதியோடு பிள்ளைக்கு அடக்கச் சடங்கு உண்டு.

சி.எஸ்.ஐ.க்காரர்களும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள். ஆனால் அது கிடைக்காததால் பிள்ளை மோட்சத்தை இழக்கும் என்பதில்லை. பெந்தெகொஸ்தே சபைகளில் பிரதிஷ்டை மட்டும்தான். செத்த பிள்ளை எங்கே என்று கேட்டால், சாமுவேலின் இரண்டாம் புத்தகம் 12-ஆம் அதிகாரத்தைத் திறப்பார்கள். தாவீது எழுந்து சாப்பிடுகிறான்; தன் பிள்ளை போன இடத்துக்குத் தானும் போகப்போவதாகச் சொல்கிறான். பிள்ளை இறந்தது ஏழாம் நாள். விருத்தசேதனம் எட்டாம் நாள்தான் செய்வார்கள்.

(தொடரும்)