கொதித்தாலும் போகாத விஷம்!

கீழப்பாவூரில் குளம் உண்டு, கடல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை உங்கள் சட்டியில் வேகிற சாளையும் சூரையும் தூத்துக்குடிப் பக்கமிருந்து, திருநெல்வேலியைத் தாண்டி வண்டியில் வர வேண்டியவை. வழியில் ஐஸ் குறைந்துபோனால்? அங்கேதான் வில்லங்கம்!

சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகமும் கழுத்தும் 'ஜிவுஜிவு'ன்னு சிவக்கும். தலை வலிக்கும். உடம்பு அரிக்கும். நெஞ்சு படபடக்கும். சிலருக்கு வாந்தி, பேதியும் உண்டு. "எனக்கு மீன் ஒத்துக்காது போல" என்று நீங்களே முடிவு கட்டிவிடுவீர்கள். ஆனால், அதே மீனைச் சாப்பிட்ட மற்றவர்களுக்கும் இப்படி வந்தால், அலர்ஜியைவிட ஹிஸ்டமின் மீதுதான் சந்தேகப்பட வேண்டும்.

எப்படி உண்டாகிறது?

சூரை, அயிலை, சாளை போன்ற மீன்களின் சதையில் 'ஹிஸ்டிடின்' என்ற அமினோ அமிலம் இயற்கையாகவே அதிகம். மீன் செத்த பிறகு, செவுளிலும் குடலிலும் இருக்கும் சில பாக்டீரியாக்கள் சதைக்குள் பரவும். ஐஸ் இல்லாமல் சூட்டில் கிடந்தால் சில மணி நேரத்திலேயே பெருகி, ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். ஒரு கிலோ மீனில் 200 மில்லிகிராமுக்கு மேல் இது இருக்கக் கூடாது என்பது சர்வதேச உணவுத் தர அமைப்பான 'கோடெக்ஸ்' வகுத்த வரம்பு.

"நல்லா கொதிக்க வச்சா சரியாயிடாதா?" ஆகாது! கொதித்தால் பாக்டீரியா சாகும். அது ஏற்கெனவே உண்டாக்கிய ஹிஸ்டமின் அப்படியே இருக்கும். வறுத்தாலும், ஃப்ரீசரில் வைத்தாலும் போகாது. மீன் நாறாமலேகூட இருக்கலாம்.

என்ன செய்யலாம்?

* ஐஸில் புதைத்து வைத்த மீனையே வாங்குங்கள். மேலே நாலு துண்டு ஐஸ் கிடந்தால் போதாது.

* கடைவீதியில் மற்ற வேலைகளை முடித்துவிட்டு, கடைசியாக மீன் வாங்குங்கள்.

* வீட்டுக்கு வந்ததும் செவுள், குடலை நீக்கிக் கழுவிவிடுங்கள். சமைக்க நேரமாகும் என்றால் உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள். உள்ளே 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக் கூடாது.

வந்துவிட்டால்?

பெரும்பாலும் ஓரிரு நாளில் தானாக அடங்கிவிடும். ஹிஸ்டமினை எதிர்க்கும் மாத்திரையை டாக்டர் தருவார். மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

காசநோய்க்கு 'ஐசோநயாசிட்' மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கூடுதல் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். உடம்பு ஹிஸ்டமினை அழிக்கும் வேலையை அந்த மாத்திரை தடுக்கக்கூடியது. அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சந்தேகமான மீனை ஒதுக்குங்கள், போதும்!