உப்புக் காற்றும் பழைய சைக்கிளும்

மனிதன் தன் கால் வலிமையை மட்டுமே கொண்டு செலுத்தும் ஊர்திகளுள் சைக்கிளுக்கு நிகரானது வேறொன்றில்லை. தூத்துக்குடியில் விடியுமுன் உப்பளத்திற்குச் சென்ற தொழிலாளியையும், கூடையைக் கேரியரில் கட்டி ஊர் ஊராக மீன் விற்றவரையும் நெடுங்காலம் சுமந்தது அதுவே. அந்தப் பழைய வண்டிகள் பல இன்று கொல்லைப்புறங்களில் சாய்ந்து கிடக்கின்றன. அவற்றை மீட்பதும் பேணுவதும் எப்படி, உதிரிப் பாகங்களை வாங்கும்போது ஏமாறாதிருப்பது எப்படி என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறந்த இடங்கள்

விடுதலைக்கு முன் நம் நாட்டில் ஓடிய உயர்ந்த வகை வண்டிகள் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தவை. ராலி நாட்டிங்காமில் பிறந்தது, பி.எஸ்.ஏ.வும் ஹெர்குலிசும் பர்மிங்காமில் பிறந்தவை. பின்னர் நம் நாட்டிலேயே தொழிற்சாலைகள் எழுந்தன. சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் தோன்றியது. வங்காளத்து ஆசன்சோலில் சென்-ராலி, சோனிப்பட்டில் 1951இல் அட்லஸ், லூதியானாவில் 1956இல் ஹீரோ என வரிசை நீண்டது.

இவற்றுள் சென்-ராலி 1980இல் நாட்டுடைமையாகி, பின்னர் மூடப்பட்டது. அட்லசின் சாகிபாபாத் ஆலை 2020 ஜூன் 3 அன்று, உலக சைக்கிள் தினத்தன்றே, உற்பத்தியை நிறுத்தியது. ஆலை நின்றால் அசல் பாகமும் நின்றுவிடும் அன்றோ? எனவே ஒரு பழைய வண்டிக்கு அசல் பாகம் இன்னொரு பழைய வண்டியிலிருந்துதான் கிடைக்க வேண்டும். ஒன்று உலைக்குப் போனால் மற்றவற்றின் ஆயுளும் குறைகிறது.

உப்பின் வேலை

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் போதும். பிறகு உப்பு செய்வது என்ன? உப்புக் கரைசல் மின்சாரத்தை எளிதில் கடத்தும். அதனால் துருவேறும் மின்வேதி வினை விரைவுபடுகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோடியம் குளோரைடு தானாகவே நீரை ஈர்த்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடோ சுமார் 33 விழுக்காட்டிலேயே கசியும். ஆகவே மழையே பெய்யாவிட்டாலும் நம் கடற்கரையில் நிற்கும் சைக்கிள் நனைந்த சைக்கிள்தான்!

பளபளக்கும் குரோமியப் பூச்சும் இதற்குத் தப்புவதில்லை. அது மிக மெல்லியது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உடையது. உப்பு அதன் வழியே இறங்கி அடியிலுள்ள இரும்பைத் தின்னும். மருந்து எளிது: வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் உப்பைத் துடைத்து, ஈரம் போக உலர்த்தி, மெல்லிய எண்ணெய் பூச வேண்டும். உப்பு இருக்கும்போதே மேலே எண்ணெய் பூசுவதால் பயனில்லை. தேங்காய் எண்ணெயைச் செயினுக்கு விடுவதும் தவறு. அது நாளடைவில் பிசினாகித் தூசியைப் பிடிக்கும்.

மீட்கும் முறை

என் பாட்டனார் உப்பளத்திற்கு ஓட்டிய வண்டியைப் பழைய இரும்புக்குப் போடவிருந்தார்கள். நான் தடுத்து வாங்கிக்கொண்டு, ஆர்வ மிகுதியால் முதல் நாளே உப்புத்தாள் கொண்டு தேய்த்தேன். துரு போயிற்று, கூடவே மட்கார்டில் இருந்த பொன்னிறக் கோடுகளும் போயின. புதுப் பெயின்ட் எந்தக் கடையிலும் கிடைக்கிறது. அந்தக் கோடுகள் கிடைக்கவில்லை. ஆகவே முதலில் சோப்பு நீரால் கழுவி, எஞ்சியிருப்பது என்ன என்று பாருங்கள். அசல் வண்ணம் பாதி இருந்தாலும் அதைக் காப்பதே மேல்.

குரோமியத்தில் படிந்த துருவை, கசக்கிய அலுமினியத் தாளை நீரில் நனைத்துத் தேய்த்தால் பூச்சு கீறாமல் எடுக்கலாம். சிறிய நட்டு, போல்ட்டுகளைப் புளிக்கரைசலில் ஊறவைக்கலாம். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் துருவைக் கரைக்கும். எடுத்தவுடன் கழுவி, உலர்த்தி, எண்ணெயிட வேண்டும்.

ஓவர்ஹாலிங் என்பதைப் பட்டறைகளில் 'ஓவராயில்' என்பர். எண்ணெய் விடுவதோடு முடிவதன்று அது. முழுவதையும் பிரித்து மாட்டுவது. இடப்பக்கப் பெடலுக்கு இடமரை. எனவே வழக்கத்திற்கு மாறாகச் சுற்றிக் கழற்ற வேண்டும். காட்டர் பின்னைத் தட்டும்போது கிராங்கின் அடியில் கட்டை முட்டுக் கொடுங்கள். இல்லையேல் அடி முழுதும் உள்ளிருக்கும் கப்பையும் பால்சையும் சேரும். பின்சக்கரத்திற்குக் கால் அங்குலப் பால்ஸ், முன்சக்கரத்திற்கு 3/16 அங்குலப் பால்ஸ் என்பது பொதுவான அளவு. புதியதையும் தேய்ந்ததையும் கலக்கக் கூடாது. பெரிய பால்ஸே பாரம் முழுவதையும் தாங்க நேரும். கோனைச் சரியாக வைத்ததற்கு அடையாளம் ஒன்றுண்டு: சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டால் வால்வின் எடையாலேயே அது மெல்ல ஆடி, வால்வு கீழே வந்து நிற்கும்.

உதிரிப் பாக வாணிகம்

பழைய இரும்புக் கடையைக் காயலான் கடை என்கிறோம். அப்பெயரைப் பக்கத்துக் காயல்பட்டினத்தோடு தொடர்புபடுத்திச் சொல்வதுண்டு. அங்கே ஒரு பாகத்திற்கு இரண்டு விலை. தராசில் ஏறினால் இரும்பு விலை; தேவைப்படுபவன் கண்ணில் பட்டால் பாகத்தின் விலை. இந்த இடைவெளியில்தான் வாணிகமும் ஏமாற்றும் நடக்கின்றன.

டயர், டியூப், ஸ்போக்ஸ், பிரேக் கட்டை ஆகியவை புதிதாகவே கிடைக்கும். அவற்றைப் பழையதாகத் தேடி அலைய வேண்டாம். கிராங்க் கப் போன்றவற்றுக்கோ கழற்றிய பழைய துண்டைக் கையோடு கொண்டு செல்லுங்கள். நாட்டிங்காம் ராலியின் கப்பில் அங்குலத்திற்கு 26 மரை. பிற ஆங்கில வண்டிகளில் 24. பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும். முறுக்கினால் பிரேமின் மரையே கெடும். ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று வேகக் குடம் கிடைத்தால் அதன்மேல் பொறித்த எண்ணைப் பாருங்கள். 52 என்றிருந்தால் 1952. ஆனால் அது குடத்தின் வயதே. சக்கரம் மாறியிருந்தால் வண்டியின் வயதாகாது. பிரேம் எண் ராவப்பட்டிருந்தால் வாங்காதீர்கள். அது யாரோ இழந்த வண்டியாக இருக்கலாம்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பழைய சைக்கிள் துருவேறி நிற்கலாம். தராசில் ஏற்றினால் அது சில கிலோ இரும்பு. துடைத்து நிறுத்தினால், நம்மைப் படிக்க வைத்தவர்கள் நாள்தோறும் மிதித்த தூரம் அதில் தெரியும். உப்புத்தாளைக் கையில் எடுக்குமுன் ஒரு வாளி நல்ல தண்ணீரை எடுங்கள். அதுவே போதுமான தொடக்கம்.