கடலாடித் தொகுதி எங்கே போனது?

2006 சட்டமன்றத் தேர்தலில் ராமநாதபுரம் மாவட்டத்தின் கடலாடியில் ஜெயித்தவர் சுப. தங்கவேலன். அமைச்சராகவும் இருந்தார். 2011இல் அடுத்த தேர்தல் வந்தபோது ஜெயித்தவர் இருந்தார், ஜெயித்த தொகுதி இல்லை. அவர் திருவாடானைக்குப் போய் நின்று மறுபடியும் சட்டமன்றம் போனார். கடலாடி ஊர்க்காரர்களுக்கு அப்படி வேறு இடம் பார்க்க முடியாது. முதுகுளத்தூர் தொகுதிப் பட்டியலில் பெயரைத் தேடிப் பிடித்து ஓட்டுப் போட்டார்கள்.

"தொகுதியைத் தூக்கிட்டாங்க" என்றுதான் நம் பக்கத்தில் சொல்வோம். யார் தூக்கினார்கள், என்ன கணக்கில் தூக்கினார்கள், அந்த நேரத்தில் நாம் என்ன செய்திருக்கலாம் என்பதை நம்மில் யாருக்கும் எவரும் உட்கார்த்திச் சொன்னதில்லை. அடுத்த தொகுதி மறுவரையறை வருவதற்குள் கமுதி, கடலாடி, முதுகுளத்தூர் வட்டாரத்தில் இருக்கிற ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தொகுதி எல்லை மாறுவது நமக்குப் புதிதல்ல. 1952லும் 1957லும் முதுகுளத்தூர் இரட்டை உறுப்பினர் தொகுதி. பொதுவில் ஒருவர், தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட இடத்தில் ஒருவர் என இரண்டு பேர் போனார்கள். 1961இல் அந்த முறையையே சட்டம் போட்டு எடுத்துவிட்டார்கள். நம் கமுதியை அடுத்த பசும்பொன்னில் பிறந்த முத்துராமலிங்கத் தேவர் 1952இல் அருப்புக்கோட்டையிலிருந்தும் 1957இல் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் மக்களவைக்குத் தேர்வானார். இன்றைக்கு அந்த இரண்டு பெயரிலும் மக்களவைத் தொகுதி கிடையாது.

கடலாடியை எடுத்தது நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான தொகுதி மறுவரையறை ஆணையம். 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. அதன் உத்தரவு 2008 பிப்ரவரி 19 முதல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டின் மொத்த எண்ணிக்கையான 234இல் அது கை வைக்கவில்லை. அந்த 234ஐ 2001 கணக்கெடுப்பின்படி மாவட்டங்களுக்குள் மறுபடி பங்கிட்டது. கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். 2001இல் தமிழ்நாட்டின் மக்கள்தொகை சுமார் 6.24 கோடி. 234ஆல் வகுத்தால் ஒரு தொகுதிக்குச் சராசரி 2,66,700 பேர். ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தவர்கள் 11,87,604. அதற்கு வருகிற பங்கு 4.45. திருவாடானை, பரமக்குடி, ராமநாதபுரம், முதுகுளத்தூர், கடலாடி என்று ஐந்து இருந்தது, நான்கானது. அதே உத்தரவில் சென்னை 14இலிருந்து 16 ஆனது.

மீதம் நின்ற அந்த 0.45 பாதியைத் தொடுவதற்கு இன்னும் ஏறத்தாழ 12,500 பேர் வேண்டியிருந்தது. அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது. வானம் பார்த்த பூமி இது. கண்மாய் வறண்டால் திருப்பூருக்கும் சென்னைக்கும் மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் ஆள் கிளம்பிவிடும். ஊரில் நிற்பவர்கள் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பார்கள். தண்ணீர் இல்லாமல் போனவர்கள் எண்ணிக்கையில் இல்லாமல் போனார்கள். எண்ணிக்கை குறைந்த இடத்தில் தொகுதியும் குறைந்தது. 2011 கணக்கெடுப்பை வைத்து அதே வகுத்தலைச் செய்தால் நம் பங்கு 4.39. இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

அமெரிக்காவில் இந்தக் கணக்கு இதைவிட இரக்கமற்றது. அங்கே பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு முடிந்ததும் காங்கிரஸ் பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களையும் மாநிலங்களுக்குத் திரும்பப் பங்கிடுவார்கள். ஒரு காலத்தில் 45 இடங்களை வைத்திருந்த நியூயார்க் மாநிலம் 2020 கணக்கெடுப்பில் 27இலிருந்து 26க்கு இறங்கியது. அதன் 27ஆவது காங்கிரஸ் தொகுதி 2023 ஜனவரியோடு முடிந்துபோனது. கூடுதலாக 89 பேர் கணக்கில் வந்திருந்தால் அந்த இடம் தப்பியிருக்கும். இரண்டு தெரு ஜனம்.

தொகுதி போனால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். தொகுதி பெரியதா, ஊர்கள் சிதறிக் கிடக்கிறதா என்று அந்த நிதி பார்ப்பதில்லை. ஒரு தொகுதி குறைந்தால் மாவட்டத்துக்கு அந்த ஒரு பங்கு குறைகிறது. சட்டமன்றத்தில் நம் கண்மாயைப் பற்றிக் கேட்க ஒரு வாய் குறைகிறது. கமுதி மிளகாய் விவசாயியும் சாயல்குடி பனைத் தொழிலாளியும் மூக்கையூர் மீனவரும் இப்போது ஒரே எம்.எல்.ஏ.விடம் வரிசையில் நிற்கிறார்கள். புதுக்கோட்டைக்காரர்களின் வருத்தம் இன்னும் பெரிது. 2008இல் அவர்களுடைய மக்களவைத் தொகுதியே போய்விட்டது. மாவட்டம் திருச்சி, கரூர், சிவகங்கை, ராமநாதபுரம் என்று நான்காகப் பிரிந்து கிடக்கிறது. நம் ராமநாதபுரம் எம்.பி. தொகுதிக்குள் அறந்தாங்கி வந்தது அப்படித்தான்.

இனி அடுத்த மறுவரையறை. மாநிலங்களுக்கான இடங்களின் எண்ணிக்கையை 1976இல் 42ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நிறுத்தி வைத்தது. அதை 84ஆவது திருத்தம், 2026க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பின் விவரம் வெளியாகும் வரை நீட்டித்தது. அடுத்த கணக்கெடுப்புக்கு 2025 ஜூன் 16இல் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. அதன் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகக் கடைப்பிடித்த தமிழ்நாடு டெல்லியில் இடம் இழக்கக் கூடாது என்ற பேச்சு பெரிதாக நடக்கிறது, நடக்கவும் வேண்டும். 41ஆக இருந்த நம் எம்.பி.க்கள் 1967இல் 39 ஆனதை மறக்க முடியாது. ஆனால் மாநிலத்துக்கு உள்ளேயே வறண்ட மாவட்டம் இடத்தை இழப்பதைப் பற்றி நாம்தான் பேச வேண்டும். சென்னையில் யாரும் நமக்காகப் பேசப் போவதில்லை.

முதல் வேலை, எண்ணிக்கையில் விடுபடாமல் இருப்பது. கணக்கெடுப்பு நடக்கிற நாட்கள் முழுவதும் வெளியூரில் தங்கியிருப்பவரை அங்கேதான் எண்ணுவார்கள். திருப்பூரில் நிரந்தரமாக இருப்பவரை இங்கே எழுதச் சொல்வது சரியல்ல. ஆனால் பத்து நாள் கூலி வேலைக்குப் போய்த் திரும்புகிறவர், கைக்குழந்தை, படுக்கையில் கிடக்கும் கிழவி, கரிமூட்டக் குடிசையில் தங்கியிருப்பவர், இவர்கள்தான் விட்டுப்போவார்கள். ரேஷன் கார்டுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து ஆளைக் குறைத்துச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். பயப்படத் தேவையில்லை. 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டப்படி நீங்கள் சொல்லும் தனி விவரம் ரகசியம். அதை நீதிமன்றத்தில் சாட்சியமாகக் கூடக் காட்ட முடியாது.

இரண்டாவது வேலை, வரைவுக்கு ஆட்சேபணை எழுதுவது. இதில் கெடு தவறினால் போச்சு. 2002 சட்டத்தின் நடைமுறை இப்படி: ஆணையம் முதலில் வரைவை அரசிதழில் வெளியிடும், ஒரு தேதி சொல்லும். அந்தத் தேதிக்கு முன் வருகிற ஆட்சேபணைகளைப் பரிசீலித்தாக வேண்டும். மாநிலத்துக்குள் பொது அமர்வும் நடத்த வேண்டும். இறுதி உத்தரவு அரசிதழில் வந்துவிட்டால் அது சட்டத்துக்குச் சமம். நாடாளுமன்றமே அதில் ஒரு எழுத்தைத் திருத்த முடியாது. நீதிமன்றத்துக்குப் போகலாமே என்றால், அரசியல் சட்டத்தின் 329ஆவது பிரிவு தடுக்கிறது. உஜ்ஜைன் தொகுதி ரிசர்வ் ஆனதை எதிர்த்த மேக்ராஜ் கோத்தாரி வழக்கை 1966இல் உச்ச நீதிமன்றம் இந்தக் காரணத்தால்தான் தள்ளியது. 2024இல் குஜராத்தின் பர்தோலி தொகுதி வழக்கில், உத்தரவு வெளிப்படையாகவே தான்தோன்றித்தனமாகவும் அரசியல் சட்ட விழுமியங்களுக்கு முரணாகவும் இருந்தால் நீதிமன்றம் பார்க்கலாம் என்று அதே உச்ச நீதிமன்றம் கதவைக் கொஞ்சம் திறந்திருக்கிறது. அந்தச் சந்து வழியே ஒரு கிராமம் நுழைவது கடினம். வரைவு வந்த நாளிலிருந்து கெடு தேதி வரைதான் நம் காலம்.

அப்போது எழுதுகிற மனுவில் "எங்கள் ஊரைப் பிரிக்காதீர்கள்" என்று மட்டும் எழுதினால் நிற்காது. ஆணையம் பார்க்க வேண்டியவை சட்டத்திலேயே இருக்கின்றன: நிலப்பரப்பு ஒட்டியிருக்கிறதா, நிர்வாக எல்லை உடைகிறதா, போக்குவரத்து எப்படி, பொதுமக்களுக்கு வசதியா. நம் காரணங்கள் அந்த நான்குக்குள் வர வேண்டும். ஆணையத்தோடு மாநிலத்துக்கு ஐந்து எம்.பி., ஐந்து எம்.எல்.ஏ. இணை உறுப்பினர்களாக உட்காருவார்கள். அவர்களுக்கு ஓட்டுரிமை இல்லை. ஆனால் மாற்றுக் கருத்து கொடுத்தால் வரைவோடு சேர்த்து அச்சாகும். அவர்களில் ஒருவரைப் பிடித்து எழுதவைப்பது நூறு மனுவுக்குச் சமம்.

ரிசர்வ் தொகுதி எது என்பதும் அப்போதே முடிவாகிவிடும். உள்ளாட்சி போல் அது சுழற்சியில் மாறாது; அடுத்த மறுவரையறை வரை அப்படியே நிற்கும். பரமக்குடி போல.

எல்லை மாறிய பிறகு உங்கள் பெயர் தானாகப் புதிய தொகுதிக்குப் போக வேண்டும். பாகம் எண் மாறி, தெரு பிரிந்து, குடும்பம் இரண்டு வாக்குச்சாவடிக்குப் போவது நடக்கக்கூடியது. திருத்தத்துக்குப் படிவம் 8, விடுபட்டிருந்தால் படிவம் 6. விவரம் கேட்க 1950 என்ற எண். வாக்காளர் பதிவு அலுவலர் மறுத்தால் 15 நாளுக்குள் கலெக்டரிடம் மேல்முறையீடு, அங்கும் சரிவராவிட்டால் 30 நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம். மறுப்பை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

மனுவுக்கான சரக்கை இப்போதே சேர்க்கலாம். கமுதி தாலுகாவின் கடைசிக் கிராமத்திலிருந்து எம்.எல்.ஏ. அலுவலகம் போக எத்தனை பஸ் மாற வேண்டும், கடைசி பஸ் எத்தனை மணிக்கு, எந்த ஊராட்சி எந்த ஒன்றியத்தில் இருந்துகொண்டு எந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறது என்பதை எழுதி, கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றி நகல் வாங்கலாம். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கூட்டங்களிலேயே இதை வைக்கலாம்.