நடையும் களைப்பும் ஓர் எக்ஸெல் ஒர்க் ஷீட்டும்

இருதய வால்வு ஆபரேஷனுக்கும் எக்ஸெல் தொகுப்பிற்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். என்னுடைய 52 ஆவது வயதில் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு செயற்கை வால்வு பொருத்தினார்கள். சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் விட்டுச் சென்ற சேதம் அது. இரவில் கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, அதன் பேன் சத்தம் அடங்கியவுடன், வால்வு டிக், டிக் என்று மூடுவது எனக்கே கேட்கும். அது பழகிவிட்டது. பழகாதது களைப்புதான்.

மூன்று மாதத்தில் நெஞ்செலும்பு சேர்ந்துவிட்டது. தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். ஒரு நாள் 40 நிமிடம் நடந்தும் ஒன்றும் தெரியாது. இன்னொரு நாள் 15 நிமிட நடைக்கே, மதியம் சாப்பாட்டுத் தட்டின் முன் கண் சொக்கும். வால்வில் ஏதும் கோளாறோ என்று பயம். வீட்டில் சொன்னால் நடையையே நிறுத்திவிடுவார்கள் என்று சொல்லவில்லை.

மகன் ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கித் தந்தான். அதன் அடியில் எரியும் பச்சை விளக்கின் ஒளியை ரத்த ஓட்டம் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்து, நாடித் துடிப்பைக் கணக்கிடுகிறது. 220 லிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு, எனக்கு 168. அதில் 70 சதவீதமான 118 ஐ எட்டு என்று வாட்ச் அதிர்ந்துகொண்டே இருக்கும். நான் சாப்பிடும் மெட்டோப்ரோலால் மாத்திரையோ துடிப்பை அடக்கி வைப்பது. மூச்சு வாங்கினாலும் 95 ஐத் தாண்டாது. இது வாட்சுக்குத் தெரியுமா? அதன் பேச்சைக் கேட்டு வேகம் கூட்டி இரண்டு வாரம் அவதிப்பட்டேன்.

"வாட்சைப் பார்க்காதீங்க சார், மூச்சைப் பாருங்க" என்றார் பிசியோதெரபிஸ்ட். ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் போர்க் வகுத்த அளவுகோலைச் சொல்லிக் கொடுத்தார். சும்மா உட்கார்ந்திருப்பது 6, இதற்கு மேல் முடியாது என்பது 20. ஏன் 6 இல் தொடங்குகிறது? பத்தால் பெருக்கினால் ஆரோக்கியமானவரின் துடிப்பு ஏறத்தாழ வந்துவிடும். எனக்கு 11 முதல் 13 வரை போதும் என்றார்.

அன்றே ஒர்க் ஷீட் ஒன்றைத் திறந்தேன். தேதி, நிமிடம், போர்க் எண், இரண்டையும் பெருக்கிய நடைச் சுமை, இரவு 9 மணிக்கு பத்துக்கு எத்தனை களைப்பு என, ஐந்து நெட்டு வரிசைகள். வாட்ச் தரும் பைலை அப்படியே எக்ஸெலில் திறந்தால் தேதியும் மாதமும் இடம் மாறிவிடலாம். மார்ச் 5 எனக்கு மே 3 ஆகிவிட்டது. எனவே கையாலேயே டைப் செய்தேன்.

90 நாள் சேர்ந்ததும், பார்முலாஸ் டேபில் மோர் பங்ஷன்ஸ், ஸ்டேட்டிஸ்டிகல் சென்று, சி, ஓ, ஆர், ஆர், இ, எல் என்ற எழுத்துகள் கொண்ட பங்ஷனைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டு வரிசைகள் எந்த அளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதை -1 முதல் +1 வரை சொல்லும். நடைச் சுமைக்கும் அன்றைய களைப்புக்கும் கிடைத்தது 0.12. அதாவது தொடர்பே இல்லை எனலாம். பிறகு களைப்பை மட்டும் ஒரு செல் கீழே தள்ளித் தேர்ந்தெடுத்தேன். இரண்டிலும் செல்களின் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும், இல்லையேல் பிழைச் செய்திதான் வரும். இப்போது 0.61! இன்று படுத்தும் களைப்பு நேற்றைய நடைக்கு வந்த பில். நீண்ட நடைக்கு மறுநாள் குறைவாக நடக்கத் தொடங்கினேன். பெரும்பாலான நாட்களில் களைப்பு 3 க்குள் அடங்கியது.

எட்டாவது மாதம் கணக்கு தவறியது. நடை அதேதான், களைப்பு மட்டும் மூன்று வாரத்தில் 3 லிருந்து 6 க்கு ஏறியது. லைன் சார்ட் போட்டு பிரிண்ட் எடுத்துச் சென்றேன். முன்பு வெறும் வாயால் சொன்னபோது, "ஆபரேஷன் ஆனவர்களுக்கு முதல் வருடம் இப்படித்தான்" என்ற டாக்டர், இம்முறை தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார். எக்கோவில் வால்வு நன்றாகவே இருந்தது. ஹீமோகுளோபின்தான் 9.1. ரத்தம் உறையாமலிருக்க நான் சாப்பிடும் வார்பரின் அளவு மிஞ்சி, குடலில் தெரியாமல் ரத்தம் கசிந்திருக்கிறது. மாத்திரை அளவைக் குறைத்து, இரும்புச் சத்து மாத்திரை தந்தார்கள்.

ஒன்று சொல்லியாக வேண்டும். காய்ச்சல், கால் வீக்கம், படுத்தால் மூச்சுத் திணறல், மயக்கம், கறுப்பு மலம் இவற்றையெல்லாம் செல்லில் டைப் செய்து கொண்டிருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பைலுக்குப் போட்டிருந்த பாஸ்வேர்டை அன்று மாலையே எடுத்துவிட்டேன். இப்போது இரவு 9 மணிக்குக் களைப்பு எண்ணை டைப் செய்வது என் மனைவி. நான் 2 என்று சொன்னால், முகத்தைப் பார்த்துவிட்டு 4 என்று அடிக்கிறாள்.