தாருக்குள் இருக்கும் சர்க்கரை

முற்றிய வாழைக்காய் ஒன்றை வட்டமாக நறுக்கி, அதன்மேல் ஒரு சொட்டு அயோடின் விடுங்கள். சதை சட்டென்று கருநீலமாகிவிடும். தோலில் கரும்புள்ளி விழுந்த பழத்திலும் ஒரு சொட்டு விடுங்கள். பெரிதாக நிறம் மாறாது. கருநீலம் காட்டுவது மாவுச்சத்து. காயில் இருந்த மாவு பழத்தில் எங்கே போனது?

சர்க்கரையாகிவிட்டது. வாழைக்காயின் சதையில் நூற்றுக்கு 20 பங்குக்கும் மேல் மாவு, சர்க்கரை ஒன்றிரண்டு பங்குதான். கனிந்தபின் இந்தக் கணக்கு தலைகீழ். தாரை வெட்டிய பிறகு மரத்திலிருந்து ஒரு துளியும் வருவதில்லை. மரம் முன்பே கட்டிக்கொடுத்த மாவைத்தான் நொதிகள் அறுத்து அறுத்து இனிப்பாக்குகின்றன. முதலில் நாம் காப்பியில் போடும் அதே சுக்ரோஸ், பிறகு அது உடைந்து குளுக்கோஸும் ஃபிரக்டோஸும்.

இந்த வேலையைத் தொடக்கிவைப்பது எத்திலீன் என்ற வாயு. காயே அதை வெளிவிடும். பக்கத்துக் காயையும் அது கனியத் தூண்டும். வாழைத்தாருக்குப் புகைமூட்டம் போடுகிறார்களே, அந்தப் புகையிலும் எத்திலீன் உண்டு. அரிசிப் பானைக்குள் மாங்காயைப் புதைத்த பாட்டிகள் செய்ததும் இதுதான். அரிசி இனிப்பைத் தருவதில்லை, வாயு கலைந்துபோகாமல் காயைச் சுற்றி நிறுத்துகிறது. பெயர் தெரியாமலே அந்த வாயுவைப் பழக்கி வைத்திருந்த கைகளை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

மாவு சர்க்கரையாகும் இந்த மாற்றம் திராட்சையிலும் ஆரஞ்சிலும் நடக்காது. அவற்றில் மாவுக் கையிருப்பு கிடையாது. புளிக்கும் திராட்சையை எத்தனை நாள் வைத்தாலும் வாடுமே தவிர, புதிதாக இனிப்பு ஊறாது. அன்னாசியும் அப்படியே. கடையில் ருசி பார்த்து வாங்குவதே வழி.

மாங்காயிலும் முற்றுவதற்குமுன் பறித்துவிட்டால் மாவு சேர்ந்திருக்காது. அதைக் கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்தால் தோல் மஞ்சளாகும், உள்ளே சப்பென்று இருக்கும். அந்தக் கல்லில் ஆர்செனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கக்கூடும் என்பதால் அதைக்கொண்டு பழங்களைப் பழுக்கவைக்க இந்தியாவில் தடை. ஆனாலும் அப்படிப் பழுக்கவைத்த பழங்கள் சந்தைக்கு வந்துகொண்டேயிருப்பது பெரும் அநியாயம்.

நீரிழிவு உள்ளவர்கள் கேட்பதுண்டு: வாழைப்பழத்தைச் செங்காயாகச் சாப்பிடலாமா? கரும்புள்ளி விழுந்த பழத்தைவிடச் செங்காய் ரத்தச் சர்க்கரையை மெதுவாக ஏற்றும், அவ்வளவுதான். மாவும் சர்க்கரையும் சேர்ந்த மொத்தக் கணக்கு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. அதனால் ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக்கொள்ள முடியாது.