நிலவேம்பு எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுமா?

இரும்புலியூரிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் வடக்கே போனால், தாம்பரத்தைத் தாண்டியதும் சானடோரியம். 1928-ல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனையும், 2005-ல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் அங்கே அருகருகே இருக்கின்றன. டெங்கு பரவிய மழைக்காலங்களில் அந்தச் சித்த மருத்துவத்தின் நிலவேம்புக் குடிநீரையும், கொரோனா பரவிய 2020-ல் கபசுரக் குடிநீரையும் தமிழ்நாடெங்கும் மக்கள் வரிசையில் நின்று வாங்கிக் குடித்தார்கள். எதற்கு என்று கேட்டால், எதிர்ப்புச் சக்தி கூடும் என்பார்கள். அந்தக் ‘கூடும்’ என்ற சொல்தான் நம்மைத் திசைதிருப்புகிறது. கிருமியை விழுங்கும் மேக்ரோபேஜ், தொற்றிய செல்லைக் கொல்லும் டி செல், அந்தத் தாக்குதல் எல்லை மீறாமல் அடக்கும் வேறொரு வகை டி செல் என, ஒன்றையொன்று தூண்டியும் தடுத்தும் இயங்கும் கூட்டம்தான் எதிர்ப்புச் சக்தி. அடக்கும் செல்கள் குறித்த ஆய்வுக்குத்தான் 2025-ன் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. எல்லாச் செல்லும் ஒருசேர முடுக்கப்பட்டால் அது ஆரோக்கியம் ஆகாது. கொரோனாவில் பலரின் நுரையீரலைக் கெடுத்தது கட்டுமீறிய அழற்சிதான்.

நிலவேம்பையே எடுத்துக்கொள்வோம். அதன் சாறு எலிகளில் எதிர்ப்பொருள் உற்பத்தியையும் மேக்ரோபேஜ்களின் வேகத்தையும் தூண்டியதாக லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் 1993-ல் காட்டியது. அதன் கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராபோலைடோ, அழற்சி மரபணுக்களை முடுக்கிவிடும் ஒரு புரதத்தைப் பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்கிறது என்று 2004-ல் வந்த ஆய்வு சொன்னது. ஒரே செடி முடுக்கவும் செய்கிறது, அடக்கவும் செய்கிறது. முழுச் சாறா, பிரித்தெடுத்த பொருளா, எந்த அளவு, எந்தச் செல், அது ஏற்கெனவே எந்த நிலையில் இருந்தது என்பதைப் பொறுத்து விளைவு மாறுகிறது.

நன்மை செய்யும் பாக்டீரியாக்களும் அப்படித்தான். குடல் பாக்டீரியா நார்ச்சத்தை நொதிக்க வைக்கும்போது உண்டாகும் பியூட்டிரேட், அடக்கும் டி செல்களைப் பெருக்குவதை 2013-ல் எலிகளில் கண்டார்கள். மனிதரில் கிடைத்த ஒரு பெரிய நற்சான்று ஒடிசா கிராமங்களிலிருந்து வந்தது: பிறந்த 4,556 குழந்தைகளில் ஒரு பாதிக்கு ஒருவகை லாக்டோபேசிலஸை அதற்கு உணவாகும் சர்க்கரையோடு ஏழு நாள் கொடுத்தார்கள். இரத்தத் தொற்று அல்லது மரணம் 9 சதவீதத்திலிருந்து 5.4 சதவீதமாகக் குறைந்தது. 2017-ல் வெளியான இந்த முடிவை எத்தனை முறை படித்தாலும் மனம் நிறைகிறது. ஆனால் நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி நோயாளிகளுக்கு வேறு சில நல்ல பாக்டீரியாக்களைக் கொடுத்தபோது, போலி மருந்து பெற்றவர்களில் 6 சதவீதமும் பாக்டீரியா பெற்றவர்களில் 16 சதவீதமும் இறந்தார்கள். அது 2008-ல் வெளியான ஆய்வு. பச்சிளம் குழந்தையின் குடல் வேறு, அழற்சியில் புண்பட்ட பெரியவரின் குடல் வேறு.

கஷாயத்தைத் தலைமுறை தலைமுறையாகக் குடித்து வந்ததைவிட வேறென்ன சான்று வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அந்த அனுபவத்தை நான் மதிக்கிறேன். அது சொல்வதை முழுதாகக் கேட்க வேண்டும் என்பதுதான் என் வாதம். நிலவேம்புக் குடிநீர் சுரத்துக்கான மருந்து. ஆண்டு முழுவதும் அருந்தும் சத்துப் பானமாக அதைச் சித்த மருத்துவம் வைக்கவில்லை. வளி, அழல், ஐயம் மூன்றும் தம் அளவில் நிற்பதைத்தான் அது நலம் என்கிறது. ‘மூலிகைதானே, என்ன செய்துவிடும்’ என்பது இன்னொரு மறுப்பு. கபசுரத்திலும் சேரும் சீந்திலைத் தனியே தொடர்ந்து உட்கொண்ட சிலருக்கு, உடலே தன் கல்லீரலைத் தாக்குவது போன்ற பாதிப்பு வந்ததாக மும்பை மருத்துவர்கள் 2021-ல் எழுதினார்கள். செடி சரியாக அடையாளம் காணப்படவில்லை என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அடுத்த ஆண்டு பல மருத்துவ மையங்கள் சேர்ந்து, இவ்வாறு பாதிக்கப்பட்ட 43 பேரின் விவரத்தை வெளியிட்டன. கோடிக்கணக்கானோர் அருந்தும் ஒன்றில் இது சிறிய எண்ணிக்கைதான். தன்னெதிர்ப்பு நோய் உள்ளவருக்கு அது சிறியது அல்ல.

சோதித்துப் பார்க்க இடம் தேட வேண்டியதில்லை. சானடோரியத்தில் கஷாயத்தைத் தரப்படுத்தத் தெரிந்தவர்களும் நுரையீரல் நோயாளியைக் கண்காணிக்கத் தெரிந்தவர்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். ஒரே சரக்கு, ஒரே அளவு, குடித்தவர் ஒரு பிரிவு, குடிக்காதவர் ஒரு பிரிவு, மாதந்தோறும் கல்லீரல் பரிசோதனை என்று அவர்கள் சேர்ந்து செய்தால், அடுத்த காய்ச்சல் பருவத்தில் வரிசையில் நிற்பவரிடம் யார் குடிக்கலாம், யார் தவிர்க்க வேண்டும், எத்தனை நாளில் நிறுத்த வேண்டும் என்று சொல்ல முடியும்.