பழைய வேட்டைத் துப்பாக்கிகளுக்கு நச்சற்ற ரவை

நச்சற்ற ரவை என்பது வேட்டைத் துப்பாக்கியின் தோட்டாவில் ஈய ரவைக்கு மாற்றாக நிரப்பப்படும், பறவைகளுக்கு நஞ்சாகாத உலோக ரவை ஆகும். எஃகு, பிஸ்மத், டங்ஸ்டன் ஆகியவற்றால் ஆன ரவைகள் இவற்றுள் முக்கியமானவை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை தடை செய்யப்பட்டுள்ளது. ஆனால் அந்நாடுகளில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த இரட்டைக்குழல் துப்பாக்கிகள் இன்னும் பயன்பாட்டில் உள்ளன. அவை ஈய ரவையை மட்டுமே கருத்தில் கொண்டு செய்யப்பட்டவை. அவற்றில் எந்த ரவையைச் சுடலாம் என்பதைத் தவறாக முடிவு செய்தால் குழல் வீங்கலாம். வெடித்துச் சுடுபவரின் கையையும் கண்ணையும் பாதிக்கலாம்.

ஈயம் விலக்கப்பட்ட காரணம்

12 போர் தோட்டா ஒன்றில் சுமார் 30 கிராம் ரவை இருக்கும். பிரித்தானிய அளவில் 6ஆம் எண் ரவையானால் அது ஏறத்தாழ 280 மணிகள். அவற்றுள் சிலவே பறவையைத் தாக்குகின்றன. மற்றவை நீரிலும் சேற்றிலும் விழுந்து கிடக்கின்றன. வாத்து, அன்னம் போன்ற பறவைகள் உணவை அரைப்பதற்காகச் சிறு கற்களை விழுங்கும் இயல்புடையவை. கற்களோடு ஈய ரவையும் உள்ளே போகிறது. அரைவைப்பையில் அது தேய்ந்து, செரிமான அமிலத்தில் கரைந்து, இரத்தத்தில் கலக்கிறது. நரம்புகளும் தசைகளும் செயலிழந்து பறவை மெலிந்து இறக்கிறது. இவ்வாறு நஞ்சேறிய பறவைகளையும், ரவை பாய்ந்து தப்பிய பறவைகளையும் உண்ணும் வெண்தலைக் கழுகு போன்றவையும் பாதிக்கப்படுகின்றன.

அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கான ஈயத் தடை 1987 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்து, 1991இல் நாடு முழுவதும் முழுமை பெற்றது. அங்கே நீர்ப்பறவை வேட்டையின்போது ஈய ரவைத் தோட்டாவை உடன் வைத்திருப்பதே குற்றம். நெதர்லாந்து 1993இலும் டென்மார்க் 1996இலும் எல்லா வேட்டைக்கும் ஈய ரவையைத் தடை செய்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஈரநிலங்களிலும் அவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள்ளும் ஈய ரவையைச் சுடுவதற்கான தடை 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறையில் உள்ளது.

மாற்று ரவைகளின் இயல்பு

ரவையின் அடர்த்தி, கடினத்தன்மை என்ற இரண்டு பண்புகள் இங்கே முக்கியம். அடர்த்தி, ரவை எவ்வளவு தொலைவுக்கு வேகம் குறையாமல் செல்லும் என்பதைத் தீர்மானிக்கிறது. கடினத்தன்மை, அது குழலை என்ன செய்யும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 11.3 கிராம், அது மிகவும் மென்மையானது.

எஃகு ரவை: உண்மையில் இது மென்மையான இரும்பு. அடர்த்தி சுமார் 7.8. ஈயத்தைவிடப் பல மடங்கு கடினமானது, விலை குறைந்தது. எடை குறைவாக இருப்பதால் விரைவில் வேகம் இழக்கும். ஆகவே ஈயத்தில் 6ஆம் எண் பயன்படுத்தியவர்கள் எஃகில் இரண்டு படி பெரிய 4ஆம் எண்ணைத் தேர்வு செய்கின்றனர். சுடும் தொலைவையும் குறைத்துக்கொள்கின்றனர்.

பிஸ்மத் ரவை: பிஸ்மத்துடன் சிறிதளவு வெள்ளீயம் சேர்த்துச் செய்யப்படுவது. அடர்த்தி சுமார் 9.6. எஃகைவிட மென்மையானது, ஓரளவு உடையும் தன்மையும் உண்டு. எஃகைவிட விலை பல மடங்கு அதிகம்.

டங்ஸ்டன் ரவை: இதில் இரு வகைகள் உள்ளன. டங்ஸ்டன் பொடியைப் பிளாஸ்டிக் போன்ற பொருளில் குழைத்துச் செய்யும் ரவை மென்மையானது. அடர்த்தியில் ஈயத்தை நெருங்குவது. டங்ஸ்டனை இரும்பு, நிக்கல் போன்றவற்றுடன் கலந்து செய்யும் ரவை எஃகைவிடவும் கடினமானது. பழைய குழல்களுக்குப் பொருந்தாது. பெட்டியில் ‘டங்ஸ்டன்’ என்று இருப்பதை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

பழைய குழலில் எஃகு ரவை

வேட்டைத் துப்பாக்கியின் குழல் முனைக்கு அருகில் சற்றே குறுகும். இந்த ஒடுக்கம் சோக் எனப்படும். ரவைக் கூட்டம் அதிகம் பரவாமல் செல்வதற்காகவே இது அமைக்கப்படுகிறது. ஈய ரவைகள் இந்த இடத்தில் சற்று நசுங்கி, ஒன்றோடொன்று நெருங்கி வெளியேறுகின்றன. எஃகு ரவைகள் நசுங்குவதில்லை. ரவை நெகிழாதபோது குழல் நெகிழ வேண்டியிருக்கிறது. சுவர் மெல்லிய பழைய குழலில், முழு சோக் இருந்தால், முனையருகே வளையம் போன்ற வீக்கம் உண்டாகலாம். ரவை பெரிதாகவும் வேகம் கூடுதலாகவும் இருந்தால் ஆபத்தும் கூடும். குழலின் உட்பரப்பில் கீறல் விழாமல் இருக்க எஃகு ரவைகள் தடித்த பிளாஸ்டிக் கிண்ணத்தில் வைக்கப்படுகின்றன. அந்தக் கிண்ணம் கீறலைத் தடுக்கும். வீக்கத்தை முழுமையாகத் தடுக்காது.

இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கிப் பற்றவைத்துச் செய்யப்பட்ட டமாஸ்கஸ் குழல்களில் எஃகு ரவையைச் சுடவே கூடாது. அவற்றின் பற்றவைப்புக் கோடுகளில் உள்ளே துரு இருந்தாலும் வெளியே தெரியாது.

தோட்டாவின் நீளமும் அழுத்தமும்

மென்மையான ரவை என்பதாலேயே ஒரு தோட்டா பாதுகாப்பானது ஆகிவிடாது. ரவை குழல் முனையைப் பாதிக்கிறது. வெடிமருந்தின் அழுத்தம் தோட்டா அறையைப் பாதிக்கிறது. இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகள் பலவற்றின் தோட்டா அறை 65 மி.மீ. நீளமுள்ளது. இன்று பரவலாகக் கிடைக்கும் தோட்டா 70 மி.மீ. நீளமுள்ளது. பெட்டியில் அச்சிடப்படும் நீளம், சுட்ட பிறகு வாய் விரிந்த நிலையில் உள்ள நீளம். வாய் மடிந்திருக்கும் புதிய தோட்டா அதைவிடக் குட்டையாக இருப்பதால் 65 மி.மீ. அறைக்குள் எளிதாக நுழைந்துவிடும். ஆனால் சுடும்போது மடிப்பு விரிய இடமின்றி வழியை அடைத்து, அழுத்தத்தை உயர்த்திவிடும். எனவே தோட்டா உள்ளே போகிறது என்பது அது பொருந்துகிறது என்பதற்குச் சான்றாகாது.

சோதனை முத்திரைகள்

பிரித்தானியாவில் செய்யப்படும் துப்பாக்கிகள் லண்டன் அல்லது பர்மிங்காம் சோதனைக் கூடத்தில் கூடுதல் அழுத்தத்தில் சுட்டுப் பார்க்கப்பட்டு முத்திரை பெறுகின்றன. முத்திரைகள் குழலின் பின்பகுதியில் அடிப்புறத்தில் இருக்கும். கரும்பொடிக்கு மட்டும் சோதிக்கப்பட்ட துப்பாக்கியில் இக்காலத்துப் புகையற்ற வெடிமருந்துத் தோட்டாக்களைச் சுடக் கூடாது. லில்லி மலர் வடிவ முத்திரை, 1370 பார் அழுத்தத்தில் எஃகு ரவைக்கெனச் சோதிக்கப்பட்டதைக் குறிக்கும். உயர்திறன் எஃகுத் தோட்டாக்களை இந்த முத்திரை உள்ள துப்பாக்கிகளில் மட்டுமே பயன்படுத்தலாம்; பழைய துப்பாக்கிகளில் இது பொதுவாக இருப்பதில்லை. முத்திரை இருந்தாலும், பிற்காலத்தில் குழல் தேய்ந்தோ துருப்பிடித்தோ குடையப்பட்டோ இருந்தால் அதை மட்டும் நம்ப முடியாது.

அமெரிக்காவில் இத்தகைய கட்டாயச் சோதனைச் சட்டம் இல்லை. அங்கே தயாரிப்பாளரின் அறிவுரையே வழிகாட்டி. பெல்ஜியத்தில் செய்யப்பட்ட ஆட்டோ-5 குழல்களில் எஃகு ரவையைச் சுட வேண்டாம் என்று பிரவுனிங் நிறுவனம் அறிவுறுத்துவது இதற்கு எடுத்துக்காட்டு.

தேர்வு முறை

முதலில் தேர்ந்த துப்பாக்கிப் பழுதுநீக்குநரிடம் குழல் சுவரின் தடிமன், அறையின் நீளம், சோக்கின் அளவு ஆகியவற்றை அளக்கச் செய்ய வேண்டும். புகையற்ற வெடிமருந்துக்குச் சோதிக்கப்பட்டு, நல்ல நிலையிலும் அரை சோக்கிலோ அதற்குக் குறைவாகவோ உள்ள துப்பாக்கியில், அறைக்குப் பொருந்தும் நீளமுள்ள சாதாரண எஃகுத் தோட்டாவைப் பயன்படுத்தலாம். தயாரிப்பாளர் அதைத் தடுத்திருக்கக் கூடாது. மெல்லிய குழல், முழு சோக், தெளிவற்ற வரலாறு ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் பிஸ்மத் அல்லது மென்மையான டங்ஸ்டன் ரவையே ஏற்றது. அதுவும் அறையின் நீளத்துக்கும் துப்பாக்கி தாங்கும் அழுத்தத்துக்கும் பொருந்த வேண்டும். சோக்கைக் குடைந்து அகலப்படுத்தவும் முடியும். ஆனால் நீக்கிய உலோகத்தைத் திரும்பச் சேர்க்க இயலாது. ஒரு பருவத்தில் சில தோட்டாக்களே சுடுபவருக்குப் பிஸ்மத்தின் கூடுதல் விலை, கெட்டுப்போன ஒரு குழலின் விலையைவிடக் குறைவாகவே இருக்கும். சோதனையில் தேறாத துப்பாக்கிக்கு எந்த ரவையும் பாதுகாப்பானது அல்ல.